பச்சைத் தண்ணீரும் இடப்பக்கமும்

வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்பது விதி. உரிய காலத்துக்குள் முழுப் பதில் தர முடியாது என்றால், அதையாவது தெரிவித்து ஓர் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும் என்பது அதே விதியின் அடுத்த வரி. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து, பணிக்காலம் முழுக்க இந்த இரண்டு வரிகளையும் நான் காப்பாற்றி வந்தேன். சொல்வதற்கு ஒன்றுமே இல்லாத கடிதங்களுக்குக்கூட, அந்த ஒன்றுமில்லாததை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கம்பெனிகளை இந்த விதி கட்டுப்படுத்தாது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மீன் தொட்டி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு மீன்மேல் குழம்புக்கு அப்பாற்பட்ட அக்கறை எதுவும் கிடையாது.

நவம்பர் கடைசியில் என் மனைவிக்கு மூளையின் வலது பாதியில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பேச்சும் போகவில்லை; அதில் எனக்கு இருந்த கவலையை அவளே முதல் நாளில் தீர்த்துவைத்தாள். இடது கை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. லம்பா லைனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்று, தட்டில் வலது பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன ரேஷன் மாதிரி அளந்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இடது பாதிச் சோறு தொடாமல் அப்படியே இருந்தது. தலையிலும் வலது பாதியை மட்டும்தான் வாரியிருந்தாள்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது என்று விளக்கினார் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண். மலையாளக் குடும்பம், தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், எங்களோடு பேசுவதற்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான், பிறகு மெதுவாகிவிடும் என்று சொன்னார். ஆகவே எல்லாவற்றையும் இடப்பக்கம் வைக்க வேண்டும், இடப்பக்கம் நின்றே பேச வேண்டும்.

இடப்பக்கம் நின்று நான் கூப்பிட்டேன். அவள் வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். "எங்க ஒளிஞ்சுக்கிட்டுப் பேசறீங்க? முன்னால வந்து நில்லுங்களேன்" என்பாள். கை எட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். டி.வி.யை அந்தப் பக்கம் மாற்றினேன். அவள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே சீரியலைக் கேட்டு முடித்தாள்.

அவள் இடப்பக்கம் திரும்பியது ஒரே ஓர் இடத்தில்தான். டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தபோது அவளுக்கு இடப்பக்கமாக ஒரு மீன் தொட்டி இருந்தது. நான் நம்பர் கூப்பிடுகிறார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தச் சிவப்பு மீன் மட்டும் யாரோடயும் சேராம தனியாச் சுத்துது பாருங்க" என்றாள். நான் திரும்பிப் பார்த்தது மீனை அல்ல. அவள் முகம் முழுவதும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் குரலுக்குத் திரும்பாத தலை மீனுக்குத் திரும்பியது. கௌரவம் பார்க்கிற நேரம் அது இல்லை. மறுநாளே பஜாரில் தொட்டி வாங்கினேன்.

முன்னறையில் அவள் நாற்காலிக்கு இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி வைத்தோம். அந்தச் சுவரோரம்தான் தரை சமமாக இருந்தது, பிளக்கும் அங்கேதான். ஐந்து தங்க மீன்கள். அவற்றுக்கு அவள் பதவிப் பெயர்களை வைத்தாள். வயிறு பெருத்து மெல்ல அசைவது டைரக்டர். அதன் பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு போவது பி.ஏ. அடிமணலில் அசையாமல் கிடப்பதற்கு என்னுடைய பழைய பதவி. ஜனவரி முழுவதும் அவள் பார்வை மீன்களின் பின்னால் இடப்பக்கம் போய் வந்தது. தட்டில் சோறு மிஞ்சும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இடது ஓரத்தை நோக்கி நகர்ந்தது. வேலையில் இருந்த காலத்தில்கூட நான் எந்தக் கோட்டையும் அப்படிக் கவனித்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறியது. ஜன்னல் வழியாகக் காலை வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் முதலில் எலுமிச்சைச் சாறு மாதிரி மங்கியது, பிறகு பச்சையானது, ஒரு வாரத்தில் புதினாச் சட்னி மாதிரி ஆகிவிட்டது. தொட்டி வாங்கிய கடைக்காரருக்குப் போன் செய்தேன். வங்காளி, அரைக் கிழவர், ஆனாலும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். டென்ஷன் மத் லோ அங்கிள், மச்லி குஷ் ஹை என்றார். கவலைப்பட வேண்டாம், மீன்களுக்கு மகிழ்ச்சிதான் என்பது உண்மைதான். பாசி மிதக்கும் தண்ணீரில் அவை கொழுத்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்பது மீன்களின் பிரச்சினை இல்லையே.

மீன் தெரியாத தொட்டிப் பக்கம் என் மனைவி திரும்பவில்லை. பச்சையான அந்த வாரத்திலேயே தட்டில் கோடு வலப்பக்கம் வரத் தொடங்கியது.

தண்ணீரை மாற்றலாமே என்று கேட்பவர்கள் கோடையில் போர்ட் பிளேருக்கு வந்ததில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும். தெருவே குடத்தோடு நிற்கும். அந்தத் தெருவில், தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரை மீனுக்கு ஊற்றுகிறவனாக நான் ஒரு முறை இருந்து பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலைந்து நாளில் மறுபடியும் பச்சை. ஜன்னலை மூடினால் காற்றில்லை. கரண்ட் போனால் அறையில் உட்கார முடியாது. இருட்டில் மீனும் தெரியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறுபுறம் தொட்டியை வைக்கலாம் என்றால், அவளுடைய இடப்பக்கம் குளியலறைக் கதவு வந்துவிடும்; அங்கே தொட்டிக்கு இடமில்லை.

கடைக்காரர்தான் யூ.வி. கருவியைப் பற்றிச் சொன்னார். ஒரு கறுப்புக் குழாய், அதற்குள் கண்ணாடி உறை, உறைக்குள் புற ஊதா விளக்கு. ஃபில்ட்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் புகுந்து, விளக்கைச் சுற்றி மெதுவாகப் போய்த் தொட்டிக்குத் திரும்பும். போகிற வழியில் பாசி செத்துவிடும். அவர் கடையில் அது இல்லை, தீவிலேயே கிடையாது. இணையத்தில் தேடி, என் பின்கோடை அடித்தேன். இந்த இடத்துக்கு அனுப்புவதில்லை என்று வந்தது. அடிக்கடி பார்த்துப் பழகிய வாசகம்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் ஃபேன் சத்தம் போட்டால், நான் சொல்வதற்கு முன்பே ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிடும் ஆள். அவரிடம் சொல்லியனுப்பினேன்.

மெயின்லேண்டிலிருந்து திரும்புவது எப்படி என்பதைத் தீவுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். விமானத்தில் கொண்டுவரவிடுகிற கிலோ கொஞ்சம், வீட்டில் கொடுத்த பட்டியல் நீளம். அதனால் வாங்கிய எதையும் அதன் பெட்டியோடு கொண்டுவர மாட்டோம். அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாவற்றையும் லாட்ஜ் அறையிலேயே கழற்றிப் போட்டுவிடுவோம். மிக்ஸி துண்டில் சுற்றி வரும். பூஜை விளக்கு பாவாடைக்குள் வரும். புதுச் செருப்புக்குள் மசாலாப் பொடிப் பொட்டலம் வரும். எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பரணில் தேடினாலும் ஒரு காலிப் பெட்டி கிடைக்காது.

என் யூ.வி. கருவியும் அப்படித்தான் ஒரு லுங்கிக்குள், முருங்கைக்காய்க் கட்டுக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில் வந்து சேர்ந்தது. கறுப்புக் குழாய், வயர், அடாப்டர், இரண்டு ஹோஸ், நாலு கிளிப், எட்டாக மடித்த ஒரு செய்முறைத் தாள். ஒரு கீறல் இல்லை. மல்லிகை வாசனை மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினோம். நான் செய்முறைத் தாளை வாசித்தேன், அவர் வேலை செய்தார். முதலில் ஃபில்ட்டர், அதற்குப் பிறகுதான் விளக்கு. குப்பை கலந்த தண்ணீர் விளக்குக்குப் போகக் கூடாது. குழாயை நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்கவைத்தால் காற்று சிக்கும். தண்ணீர் ஓடாமல் சுவிட்சைப் போடக் கூடாது. ஹோஸை வெந்நீரில் நனைத்தால் இளகும், குழாயின் மூக்கில் சுலபமாக ஏறும். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு செய்முறையை வரிசை தவறாமல் நிறைவேற்றுவதில் உள்ள சுகத்தை ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே அறிவார்கள்.

அந்தத் தாள் கம்பெனியின் மூன்று மாடல்களுக்கும் பொதுவானது. சில மாடல்களில் விளக்கு உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும், சிலவற்றில் தனியாக இருக்கும், மாடல் எண்ணைப் பெட்டியின்மேல் பார்க்கவும் என்று போட்டிருந்தது. பெட்டி சென்னையில் இருந்தது. கையில் தனி விளக்கு எதுவும் இல்லை. ஆகவே உள்ளே இருக்கிறது. இதைவிடச் சரியான அனுமானம் வேறு இருக்க முடியாது.

"எதுக்கும் கழட்டி ஒரு தடவ உள்ள பாத்துருவமா அண்ணாச்சி?" என்று கேட்டார் அவர்.

எரிகிற விளக்கைக் கண்ணால் பார்க்கக் கூடாது, உறையைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற இரண்டு வரிகளையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

நாற்காலியிலிருந்து, வலப்பக்கச் சுவரைப் பார்த்தபடி என் மனைவி சொன்னாள்: "திறக்கறதா இருந்தா அதுக்கு ஒரு கமிட்டி போடணும் தம்பி. மூணு பேர் கையெழுத்து வேணும். நீங்க பேசாம மூடியே வைங்க."

சுவிட்சைப் போட்டோம். அடாப்டரில் ஒரு சின்னப் பச்சைப் பொட்டு எரிந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓர் இடத்திலும் கசியவில்லை. மூவரும் டீ குடித்தோம்.

ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும் என்று தாளில் இருந்தது. தினமும் காலையில் தொட்டிக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்து, தலைப்புச் செய்தி தெரிகிறதா என்று பார்ப்பேன். இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், தினமும் சொல்லிக்கொண்டேன். பயிற்சிக்காரப் பெண் வந்தபோது தொட்டியைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். மீன் இல்லாத மற்ற பயிற்சிகளையும் விடாமல் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். மாதங்கள் ஓடுகின்றன என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குக் காலண்டர் தெரியும்.

மே மாத நடுவில் ஒரு நாள் சாயங்காலம் கடைக்காரர் மீன் தீனி கொடுக்க வந்தார். ஹோஸ் இணையும் இடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அறை லைட்டை அணைக்கச் சொன்னார். அந்த வெள்ளை மூட்டு லேசாக நீலமாக ஒளிர வேண்டுமாம். அது சாதாரண பிளாஸ்டிக்காகத்தான் இருந்தது. பல்பு போட்டீர்கள்தானே அங்கிள் என்று அவர் இந்தியில் கேட்ட தொனியில், போடாதவர்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திருகினோம். உள்ளே கண்ணாடி உறை இருந்தது, சுத்தமாக, பள்ளிக்கூட சோதனைக் குழாய் மாதிரி. உறைக்குள் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். வெகுநேரம் அந்த உறையையே கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தெர்மாகோல் ரெண்டு அடுக்கா இருந்துச்சு அண்ணாச்சி. கீழ் அடுக்க நான் தூக்கியே பாக்கல" என்றார். பிறகு, "அப்படியே லாட்ஜ் வாசல்ல வச்சுட்டு வந்தேன்" என்றார்.

உறையை அவரிடமிருந்து வாங்கிக் குழாய்க்குள் திரும்ப வைத்தேன். நானாக இருந்தாலும் கீழ் அடுக்கைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டேன். அதன் பிறகு பல வாரம் அவர் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. வாசலில் கண்டால் மொபைலை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். "அவரை என்ன சொன்னீங்க?" என்று என் மனைவி என்னை அரித்தெடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், "அதைத்தான் எப்பவும் சொல்லுவீங்க" என்றாள்.

வெறும் விளக்கு மட்டும் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு என்று எல்லாம் முறைப்படி. உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது என்று உடனே ஓர் இயந்திரம் சொன்னது. அதைப் பதில் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. போன் செய்தேன். இனிமையான குரலில் ஒரு பெண் வரிசை எண்ணைக் கேட்டார். அது பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும். பெட்டியின் படத்தை அனுப்பச் சொன்னார். பெட்டி இல்லை என்றேன். பெட்டியை ஏன் சார் எறிந்தீர்கள் என்று கேட்டார். ஒரு தீவின் வாழ்க்கை முறையை இந்தியில், தொலைபேசியில், நின்றுகொண்டே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வரிசை எண்ணைக் கேட்டார்.

விளக்கில் பாதரசம் இருப்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று கூரியர்க்காரர்கள் சொன்னார்கள். சென்னையில் வேறு கம்பெனி விளக்கு கிடைத்தது. அதன் முனை இந்த ஹோல்டரில் உட்காராதாம். இன்னொரு முழுக் கருவியே வாங்கிக் கப்பலில் கொண்டுவருவதாக, அந்தமானிலேயே லாங் ஐலண்ட் என்ற தீவில் இருக்கும், அப்போது சென்னை போயிருந்த என் பழைய சக ஊழியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். கப்பல் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. கடைசியில் அவர் வெறும் கைப்பையோடு விமானத்தில் வந்து இறங்கி, என்னிடம் வருத்தம் தெரிவித்தார். நான் கம்பெனிக்கு நினைவூட்டல் எழுதினேன். பிறகு, முந்தைய நினைவூட்டலைச் சுட்டிக்காட்டி இன்னொன்று. ஒரு கட்டத்தில் என் மனைவியின் நிலையையும் எழுதி, இது வெறும் மீன் விஷயம் அல்ல என்று விளக்கினேன். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தபோது அசிங்கமாக இருந்தது. மற்றவர்கள் எனக்கு அப்படி எழுதியபோது அந்தப் பத்தியை நான் தாண்டிப் படித்ததுண்டு.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வானம் மூடியே கிடந்தது. ஜன்னலில் வெயில் இல்லை. நான் எதுவும் செய்யாமலே, எந்த விளக்கும் எரியாமலே, தொட்டி வெளிறத் தொடங்கியது. மாதக் கடைசியில் ஒரு காலை, தொட்டியின் ஊடாகப் பின்சுவரின் காரை விரிசல் தெரிந்தது. ஐந்து மீன்களும் இருந்தன, முன்னைவிட இருமடங்கு பருத்து. டைரக்டர் திரும்புவதற்கே இடம் போதாமல் திரும்பியது.

ஓடிப்போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவளைக் கூப்பிட்டேன். மீனெல்லாம் தெரிகிறது, பார் என்றேன்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள், வலப்பக்கச் சுவரிடம்.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் தலை திரும்பவே இல்லை. தீனி போடும்போது மீன்கள் மேலே வந்து தண்ணீரை அடிக்கும் சத்தத்துக்குக்கூட. பயிற்சிக்காரப் பெண் ஜூலையில் வந்து, ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் கொடுத்து, அதில் கடிகாரம் வரையச் சொன்னார். என் மனைவி பன்னிரண்டு எண்களையும் அழகாக, வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதி முடித்தாள். "இந்தக் கடிகாரத்துல இடமே பத்தலையே" என்று சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "இனி அம்மா அந்தப் பக்கம் வர மாட்டாங்க அங்கிள். நம்மதான் அவங்க பார்க்கிற பக்கம் போகணும்" என்றார். சாப்பாட்டின் நடுவில் தட்டைத் திருப்பி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். மீன் தொட்டி தெளிவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். சொல்லக்கூடியவர் போலத்தான் இருந்தார்.

நாற்காலியைத் திருப்பிப் போட முடிவு செய்தேன். கனமான மர நாற்காலி, ஓர் ஆளால் ஆகாது. பக்கத்து வீட்டுக் கேட்டில் போய் நின்று, ஒரு கை பிடிக்க வேண்டும் என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி எதிர்த்திசையில் போட்டோம். குளியலறைக் கதவு இடப்பக்கம் போயிற்று, தொட்டி வலப்பக்கம் வந்தது. அவளைத் திரும்ப உட்காரவைத்தோம்.

"அட, டைரக்டர் இன்னும் இருக்காரா?" என்றாள். "ரிட்டயர் ஆகியிருப்பார்னு நினைச்சேன்."

"எக்ஸ்டென்ஷன் குடுத்திருக்காங்க மதினி" என்றார் அவர். அவளோடு அவர் பேசி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது காலையில் அவள் மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொட்டியின் வலது பாதியில் இருக்கும்வரைதான் அவை அவளுக்கு உண்டு. டைரக்டர் நடுவைத் தாண்டி இடது பாதிக்குள் போனதும், எங்கே போனார் என்று கேட்பாள். வருவார் என்பேன். போன இடத்தில் அவர் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் காத்திருப்பாள்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறார்களாம். விளக்கை விலையில்லாமல் அனுப்பித் தருவதாகவும், பெற்றுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை உறுதிசெய்யும்படியும் எழுதியிருந்தார்கள். வரிசை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அன்று தேதி ஆகஸ்ட் பதினாறு; நான் முதலில் எழுதி ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருந்தது.